சின்ன துரையின் கத்தி

எங்கள் முனியாண்டி கோயில் அரிவாளின் முனையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் குத்தியிருக்கும். கோயில் என்று சொன்னால் கோபுரத்தைத் தேடவேண்டாம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் செராயிலிருந்து வண்டியில் கொஞ்ச தூரம், ரப்பர் போய் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தின் ஓரம், தகரக் கூரை, ஒரு கல், ஆளுயரத்துக்கு இரண்டு அரிவாள். லயங்களை இடித்துப் பல வருடமாகிறது. சனங்கள் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பூசாரி மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் மோட்டார்சைக்கிளில் வந்து பழம் மாற்றிவிட்டு, ஒரு சுருட்டையும் பற்றவைத்து வைத்துவிட்டுப் போகிறார்.

பினாங்கில் படிக்கும் அக்காள் மகள் தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்தபோது கைபேசியில் ஒரு கத்தியின் படத்தைக் காட்டினாள். கறுப்புப் பிடி, இரண்டு பக்கமும் கூர், முழங்கைக்குள் அடங்கும் நீளம்.

"மாமா, இதுக்குப் பேரு அத்தாமே. விக்கான்னு வெள்ளைக்காரங்க நாட்டுல ஒரு சமயம் இருக்கு. பூசையில இதை வச்சுத்தான் வட்டம் போடுவாங்களாம். எதையும் வெட்டக்கூடாதாம். இதைப் பத்தி முதல்ல எந்தப் புத்தகம் படிக்கலாம்? ஒண்ணு பத்தாயிரம் வருசத்துச் சமயம்னு சொல்லுது, இன்னொண்ணு எழுபது வருசம்தான்னு சொல்லுது."

நல்ல கேள்வி. நான் முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன். நல்ல கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. புத்தகத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்தக் கத்தி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தேடு என்றேன். தேடினால் வழியில் நம் பேராக் மாநிலம் வரும் என்றதும் சிரித்தாள். மாமா வழக்கம்போல் கதை விடுகிறார் என்று நினைத்திருப்பாள்.

கதையில்லை. ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் 1884-இல் லங்காஷயர் பக்கம், மரவியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். ஆஸ்துமா நோயாளிப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்தவரில்லை, எழுத்துக்கூட்டித் தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டவர். வெப்பநாட்டுக் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று 1900-இல் இலங்கைக்கு வந்து மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகினார். கொழுந்து பறித்தவர்கள் யார் என்று தமிழருக்குச் சொல்லவேண்டியதில்லை. பிறகு போர்னியோ. 1911-இல் பேராக்கின் தென்பகுதியில் இருக்கும் சுங்காய் தோட்டத்தில் உதவி நிர்வாகி வேலை. தோட்டத்துப் பேச்சில் சொன்னால், சின்ன துரை. ரப்பரும் ஏறக்குறைய இதே வழியாக வந்ததுதான்: இலங்கை, சிங்கப்பூர், அங்கிருந்து 1877-இல் ஒன்பது கன்றுகள் கோலகங்சாருக்கு.

மற்றத் துரைமார்கள் மாலையானால் கிளப்புக்குப் போவார்கள். இந்த ஆள் கம்பங்களுக்கு, அதாவது மலாய்க் கிராமங்களுக்கு, போனார். மலாய் பேசினார், பாவாங்குகள் என்ற மலாய் மந்திரவாதிகள் மந்திரம் போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார், பூர்வகுடிகளான ஓராங் அஸ்லிகளோடு உட்கார்ந்து பேசினார். 1923-இல் ஜொகூரில் சுங்கத் துறை அதிகாரியானார். ரப்பரையும் அபினிக் கடையையும் சோதிப்பது வேலை, ஆயுதம் சேர்ப்பது பித்து. அதிலும் கெரிஸ் என்ற மலாய்க் குத்துவாள்.

கெரிஸைத் தைப்பிங் அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். பாகான் செராயிலிருந்து அரைமணி நேரம்தான். 1883-இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ முறை போயிருக்கிறேன். பையன்கள் எலும்புக்கூட்டைப் பார்த்துக் கத்துவார்கள், நான் ஆயுதப் பேழையருகே நின்றுவிடுவேன். கெரிஸின் அலகு நேராகவும் இருக்கும், பாம்பு ஊர்வதுபோல் வளைந்தும் இருக்கும். வளைந்திருந்தால் வளைவுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் வரவேண்டும். இரும்பையும் நிக்கல் கலந்த உலோகத்தையும் மாற்றி மாற்றி மடித்து அடிப்பார்கள். பிறகு எலுமிச்சைச் சாற்றில் கழுவி, பாஷாணம் தடவினால் இரும்பு கறுக்கும், நிக்கல் வெள்ளியாய்ப் பிரியும். நீரில் எண்ணெய் மிதப்பதுபோல் அலகு முழுக்க ஒரு கோலம் எழும். அதற்குப் பாமோர் என்று பெயர். பிடி நேராக நிற்காது, குளிர்காய்ச்சல் கண்டவன் குறுகி உட்கார்ந்திருப்பதுபோல் சாய்ந்திருக்கும். அந்தப் பிடி வகைக்குப் பெயரே 'ஜாவா டெமாம்', காய்ச்சல் வந்த ஜாவாக்காரன்.

அந்த இரும்புக்குள் உயிர் இருப்பதாக நம்பினார்கள். வாங்குகிறவர் கட்டைவிரலை மாற்றி மாற்றி வைத்து அலகை அளந்து, தனக்கு ஆகுமா ஆகாதா என்று பார்ப்பார். கொல்லன் பழுக்கக் காய்ந்த இரும்பை வெறும் விரலால் கிள்ளிச் செய்தது என்று சொல்லப்படும் 'கெரிஸ் பிச்சிட்' ஒரு வகை. விரல் பதிந்த குழிகள் அலகில் தெரியும். பழங்கதை மலாய் வீரன் ஹாங் துவா கையிலிருந்ததாகச் சொல்லும் தாமிங் சாரி கெரிஸ் இன்றும் பேராக் சுல்தானின் அரசச் சின்னங்களில் ஒன்று. அதாவது, ஒரு கத்தி வெட்டாமலேயே வேலை செய்யும் என்ற எண்ணம் இந்த மாநிலத்தில் அரண்மனையிலிருந்து தோட்டத்து மரத்தடி வரைக்கும் உண்டு. முனியாண்டியின் அரிவாளை யாரும் கறிவெட்ட எடுப்பதில்லை.

கார்ட்னர் நூற்றுக்கணக்கில் கெரிஸ் சேர்த்தார், அளந்தார், வரைந்தார். 1936-இல் கெரிஸையும் பிற மலாய் ஆயுதங்களையும் பற்றி அவர் எழுதிய நூல் சிங்கப்பூரில் வந்தது. கல்லூரி வாசல் மிதிக்காத ஒரு சுங்க அதிகாரி எழுதியது என்றாலும், கையில் எடுத்துப் பார்த்ததை எழுதினார் என்பதால் அது இன்றும் மதிப்போடு பேசப்படுகிற நூல். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் இதே மனிதர் தாம் வாங்காத பட்டத்தைப் போட்டுக்கொண்டு டாக்டர் கார்ட்னர் என்று உலவினார். ஒரே ஆளின் ஒரு புத்தகத்தை நம்பலாம், இன்னொன்றைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

அதே 1936-இல் ஓய்வுபெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கெரிஸ்களும் போயின. ஹைகிளிஃப் என்ற கடலோர ஊரில் குடியேறி, 1939 செப்டம்பரில் நியூ ஃபாரஸ்ட் காட்டுப்பக்கம் ஒரு சூனியக்காரிகள் குழாமில் தமக்குத் தீட்சை கிடைத்தது என்று பின்னாளில் சொன்னார். கிறித்தவம் வருவதற்கு முன்பிருந்த சமயம், அழிந்துபோகாமல் ஒளிந்து வாழ்ந்தது, கடைசி ஆட்களைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். 1949-இல் 'ஹை மேஜிக்ஸ் எய்ட்' என்று ஒரு நாவல் எழுதினார். அத்தாமே அதில்தான் முதன்முதலில் தலைகாட்டுகிறது. சட்டத்துக்குப் பயந்து கதையாக எழுதினார் என்பார்கள். 1735-இல் போட்ட சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. 1954-இல் 'விட்ச்கிராஃப்ட் டுடே' வந்தது. சமயம் பகிரங்கமாயிற்று.

அத்தாமேக்குத் தாய்வீடு எது? பெயர் 'சாலமோனின் திறவுகோல்' என்ற பழைய ஐரோப்பிய மந்திர ஏடுகளிலிருந்து வந்தது. அதன் ஏதோ ஒரு படியில் கத்திக்கு இருந்த லத்தீன் பெயர் எழுதி எழுதித் தேய்ந்து அத்தாமே ஆகியிருக்கிறது. கறுப்புப் பிடியும் அந்த ஏட்டில் உண்டு. ஆனால் அந்த ஏட்டில் கத்தி பல கருவிகளில் ஒன்று, அவ்வளவுதான். கார்ட்னரிடம் வந்ததும் அது ஒவ்வொருவருக்கும் சொந்தமான கத்தியாக, உடையவர் கையோடு பழகும் கத்தியாக, முதன்மைக் கருவியாக மாறிவிட்டது. அந்தப் பாசம் கெரிஸிடமிருந்து இறங்கியது என்று சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. நிரூபணம் என்று சொல்லமாட்டேன். இருபது வருடத்துக்கு மேல் மலாயாவில் கெரிஸைத் தடவிக்கொண்டிருந்த கை, இங்கிலாந்து போனவுடன் எல்லாவற்றையும் மறந்துவிட்டது என்று நம்பத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அக்காள் மகளின் இரண்டாவது கேள்வி: அப்படியென்றால் பத்தாயிரம் வருடம் என்று யார் சொன்னது?

அந்த எண்ணத்துக்கு வித்திட்டவர் மார்கரெட் மர்ரி. எகிப்தியல் அறிஞர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், 1863-இல் கல்கத்தாவில் பிறந்தவர். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொளுத்தப்பட்டவர்கள் உண்மையில் ஒரு தொல்சமயத்தின் ரகசிய அடியார்கள் என்று 1921-இல் புத்தகம் எழுதினார். சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலங்களிலிருந்து தமக்குத் தோதான வரிகளைப் பொறுக்கி, தோதில்லாததை விட்டுவிட்டார். வரலாற்றாசிரியர்கள் அப்போதே முகம் சுளித்தார்கள், 1975-இல் நார்மன் கோன் வரிவரியாகக் காட்டி அதை முடித்தே வைத்தார். ஆனால் இடையில் என்ன நடந்தது தெரியுமா? என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவில் சூனியம் பற்றிய கட்டுரையை மர்ரியே எழுதி, தம் கருத்தை எல்லாரும் ஒப்புக்கொண்டதுபோல் அதில் வைத்துவிட்டார். 1929-இலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டு அது அப்படியே அச்சாகிக்கொண்டிருந்தது. தடித்த அட்டை, தங்க எழுத்து, நூல்நிலையத்தில் தனி அலமாரி. எங்கள் தலைமுறை வாத்தியார்களிடம் கேட்டிருந்தால் அதைத்தான் எடுத்துப் பார் என்று சொல்லியிருப்போம். கார்ட்னரின் 1954 புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவரும் மர்ரிதான். இவர் சாட்சி அவருக்கு, அவர் சாட்சி இவருக்கு.

நம்பத்தக்கவர் யார் என்று அவள் கேட்டபோது நான் சொன்ன முதல் பெயர் டோரீன் வாலியென்டே. கார்ட்னரிடம் 1953-இல் தீட்சை பெற்ற பெண், அந்தச் சமயத்தின் பூசைப்பாட்டுகளில் நல்லவற்றை எழுதியவர். அடியாராகவே இருந்துகொண்டு குருவைச் சோதித்தவர். குரு 'பழைய டோரதி' என்று ஒரு கிழவியைப் பற்றிச் சொல்வார், அவர்தான் தமக்குத் தீட்சை கொடுத்தார் என்பார். அப்படி ஓர் ஆளே இல்லை, கற்பனை என்று ஒரு வரலாற்றாசிரியர் எழுதினார். வாலியென்டே சண்டைக்குப் போகவில்லை. 1980-இல் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கினார். டோரதி கிளட்டர்பக் என்பவர் 1880-இல் வங்காளத்தில் பிறந்ததையும், தகப்பனார் அங்கே பட்டாளத்தில் அதிகாரியாக இருந்ததையும், டோரதி ஹைகிளிஃப்பில் வாழ்ந்து 1951-இல் இறந்ததையும் கண்டுபிடித்தார். ஆள் உண்மை. அவர் சூனியக்காரியா என்பது வேறு கேள்வி, இன்றும் அதில் வழக்கு இருக்கிறது.

இதே வாலியென்டேதான் குருவின் குட்டையும் உடைத்தார். விக்காக்காரர்கள் கையால் படியெடுத்து வைத்துக்கொள்ளும் பூசைச் சுவடிக்கு 'நிழல்களின் புத்தகம்' என்று பெயர். காலங்காலமாக வந்த பெயர் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1949-இல் ஒரு லண்டன் பத்திரிகையில் மீர் பஷீர் என்ற கைரேகைக்காரர் எழுதிய கட்டுரையை வாலியென்டே கண்டெடுத்தார். மனிதனின் நிழலை அளந்து பலன் சொல்லும் ஒரு பழைய சமஸ்கிருத ஏட்டைப் பற்றிய கட்டுரை அது. தலைப்பு 'நிழல்களின் புத்தகம்'. அதே பத்திரிகையில் கார்ட்னரின் நாவலுக்கு விளம்பரம். ஆக இங்கிலாந்தின் ஆதிச் சுவடிக்குப் பெயர் நம் பக்கத்து நிழல் சோசியத்திலிருந்து போயிருக்கிறது! வாலியென்டே இதை மறைக்கவில்லை, சமயத்தை விட்டும் போகவில்லை. 1989-இல் அவர் எழுதிய 'தி ரீபர்த் ஆஃப் விட்ச்கிராஃப்ட்' புதிதாய்ப் படிப்பவருக்கு நல்ல வாசல்.

அதற்கு அப்புறம் ரொனால்ட் ஹட்டனின் 'தி டிரையம்ப் ஆஃப் தி மூன்', 1999. பல்கலைக்கழக வரலாற்றாசிரியர், விக்கா இருபதாம் நூற்றாண்டில் உண்டான சமயம் என்று ஆதாரத்தோடு சொல்லிவிட்டு, அதனால் அது பொய்ச் சமயம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாதவர். அவர் பிறந்தது ஊட்டியில் என்றபோது அக்காள் மகள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டாள். கல்கத்தா, வங்காளம், மஸ்கெலியா, சுங்காய், ஊட்டி. இங்கிலாந்துக் காட்டுக்குள்ளிருந்து வந்த சமயம் என்கிறார்கள், யாரைத் தொட்டாலும் கப்பலில் வந்த ஆளாக இருக்கிறார்.

அமெரிக்கப் பக்கத்துக்கு மார்கோ ஆட்லரின் 'டிராயிங் டவுன் தி மூன்', 1979. வானொலிச் செய்தியாளர், வீடுவீடாகப் போய்ப் பேட்டி எடுத்தவர். துருயிதுகள், பழைய வடஐரோப்பியத் தெய்வங்களைக் கும்பிடுவோர் என்று விக்காவுக்கு வெளியே வேறு சமயங்களும் உண்டு, அவரவர்க்குத் தனிப் புத்தகம் தேடவேண்டும். 1979-இலேயே வந்த ஸ்டார்ஹாக்கின் 'தி ஸ்பைரல் டான்ஸ்' சடங்குக்கு நல்ல புத்தகம், அதன் வரலாற்றுப் பகுதியை மட்டும் மர்ரியின் சரக்கு என்று நினைவில் வைத்துக்கொண்டு படிக்கவேண்டும்.

கத்தியை மறந்துவிடவில்லை. மான் தீவில் காசில்டவுன் என்ற ஊரில், ஒரு பழைய காற்றாலையை ஒட்டியிருந்த சூனிய அருங்காட்சியகத்தை 1954-இல் கார்ட்னர் வாங்கினார். தம் கத்திகள், வாள்கள், தாயத்துகள் எல்லாவற்றையும் அங்கே வைத்தார். 1964 பிப்ரவரியில் கப்பலில், காலை உணவு மேசையில் உயிர் போயிற்று, உடலை டுனிஸில் புதைத்தார்கள். தீட்சை பெற்ற ஒரு பெண்ணுக்குச் சேகரிப்பு போய்ச் சேர்ந்தது. 1973-இல் அது ரிப்ளிஸ் நிறுவனத்துக்கு விலையாயிற்று. 'நம்பினால் நம்புங்கள்' என்று இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி காட்டிக் காசு பார்க்கும் அதே ரிப்ளிஸ். பூசையில் இருந்த பொருள்கள் அமெரிக்கச் சுற்றுலாக் கூட்டத்துக்கு வேடிக்கையாயின. பிறகு சில பொருள்களும் தாள்களும் கைமாறி டொராண்டோவில் விக்காக்காரர்களிடமே திரும்பின. அந்தத் தாள்களுக்குள்தான், ஆதிச் சுவடிக்கும் முந்திய வரைவு கார்ட்னரின் கையெழுத்தில், அடித்தல் திருத்தலோடு கிடைத்தது. அந்தச் சமயத்தின் பூசைமுறை யார் மேசையில் உருவானது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

இந்த இடத்தில், விக்கா போன்ற சமயங்களைக் குறிக்கும் பேகன் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். லத்தீனில் அதற்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். தேவாலயத் தமிழில் அது அஞ்ஞானி ஆயிற்று. 1713-இல் தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்கு 'அக்கியானம்' எப்படி வெறுக்கத்தக்கது என்று தமிழில் ஒரு சிறு நூல் அச்சடித்தார். அதே ஆண்டு அதே மனிதர் ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி என்று நம் கிராமத் தெய்வங்களையெல்லாம் வரிசைப்படுத்தி ஜெர்மனில் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். தமிழர்களிடமே கேட்டு, அவர்கள் எழுதிய கடிதங்களை வைத்து எழுதியது. அஞ்ஞானத்தை அழிக்கத்தான் உம்மை அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று அங்கிருந்த பெரியவர் பிராங்கே அச்சிட மறுத்துவிட்டார். 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. நம் சாமிகளைப் பற்றி வெளியாள் எழுதியதில் எனக்குப் பிடித்த புத்தகம் அது, வெறுக்க வந்தவர் எழுதியதாக இருந்தும். எங்கள் முனியாண்டியான முனீஸ்வரருக்கு வினீதா சின்ஹா சிங்கப்பூரில் களத்தில் இருந்து எழுதி 2005-இல் வந்த நூல் இருக்கிறது. தலைப்பிலேயே 'புதிய தெய்வமா?' என்று கேட்கிறார்.

அந்தக் கேள்விக்கு எங்கள் பூசாரியிடம் ஒளிவுமறைவில்லாத பதில் இருக்கிறது. சனிக்கிழமை அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அவர் பால் மரம் வெட்டி ஓய்ந்தவர், எழுபதைத் தாண்டியவர்.

"தாத்தா, இந்தக் கோயில் எவ்வளவு பழசு?" என்றாள்.

"எங்கப்பா மண்டோரா இருந்தப்ப வச்சது பாப்பா. பெரட்டுக்குப் போற வழியில ரெண்டு பேரைப் பாம்பு கடிச்சிடுச்சு. அப்புறம்தான் இந்தக் கல்லை நட்டாங்க. அரிவாள் பிற்பாடு வந்தது, பாரிட் புந்தார்ல அடிச்சது."

"முனியாண்டி அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஊர்ல இருந்தாரு."

கார்ட்னர் ஒரு வாழ்நாள் முழுக்க மூடிமறைத்த விஷயத்தை இவர் சுருட்டுச் சாம்பலைத் தட்டிக்கொண்டே சொல்லிவிட்டார். கல்லுக்கு வயது இவ்வளவு, அரிவாளுக்கு இவ்வளவு, சாமிக்கு மட்டும் வயது சொல்லத் தெரியாது. அக்காள் மகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எதை எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

அத்தாமே வாங்கப்போகிறாயா என்று கேட்டேன். வாங்கத் தேவையில்லையாம். வீட்டில் யாரிடமும் இருக்கிற சாதாரணப் பொருளே கருவியாக இருக்கலாம், பார்ப்பவர் கண்ணை உறுத்தாது என்று கார்ட்னரின் சுவடியிலேயே இருக்கிறதாம். எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் அம்மாவின் பால் வெட்டும் கத்தி இன்னும் தொங்குகிறது. வியர்வை ஊறி ஊறிப் பிடி கறுத்துப்போன கத்தி. அவள் பார்வை அங்கே போய்வந்ததை நான் முந்தின நாளே கவனித்திருந்தேன். அதற்கு ஒரு பக்கம்தான் கூர், முனையும் மடங்கியிருக்கும். சொல்லவில்லை.

கிளம்பும்போது கைபேசியைப் பூசாரியிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, பிடியிலிருந்து முனைவரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

"சாமிக் கத்தியா?"

"ஆமா தாத்தா. இங்கிலாந்துல."

"பழம் குத்தலையே" என்றார்.